வெளிநாட்டுப் படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கோப்பு எங்கே சிக்குகிறது?

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலோ பட்டம் முடித்துவிட்டு ஜெர்மனிக்கோ பிரிட்டனுக்கோ போக நினைக்கிற மாணவர் முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத் தரவரிசை. அடுத்து ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கே இல்லை. பாஸ்போர்ட்டில் ஏறியிருக்கும் பெயர், தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, அப்பாவின் வங்கிக் கணக்கில் ஒரே ஒரு நாள் குறைந்துபோன இருப்பு ஆகிய மூன்றில் ஒன்று காலை வாரிவிடுகிறது. ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த மாதமே மறுபடி எழுதிக்கொள்ளலாம். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க ஒரு மாதம் போதாது. அதனால் இந்தக் கட்டுரை வீட்டு பீரோவிலிருந்து தொடங்குகிறது.

இனிஷியல் தரும் தொல்லை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'அரவிந்த் கே' என்று இருக்கும். ஆதாரில் 'அரவிந்த்' மட்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயர் கிருஷ்ணன் என்றால் 'கிவன் நேம்' கட்டத்தில் அரவிந்த், 'சர்நேம்' கட்டத்தில் கிருஷ்ணன் என்று போடுவது பின்னால் எந்த நாட்டிலும் சிக்கல் தராது. பிரவுசிங் சென்டரில் அவசரமாக விண்ணப்பிக்கிறவர்கள் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். இந்திய அரசு அதை ஏற்கும். அமெரிக்க விசா முறை ஏற்காது. முழுப் பெயரையும் சர்நேமாக எடுத்துக்கொண்டு, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடிக்கும். முன்பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கம் அது. அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்தே பெயராகத் தொடரும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் விசிட் விசா கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கல்லூரிச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயரும் இருப்பது தமிழ்நாட்டில் வழக்கமான ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் பெரும்பாலான இடங்களில் போதும். எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால்தான் கஷ்டம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடிக் குறைந்த 'செந்தில்', 'லட்சுமி', 'விக்னேஷ்' எல்லாம் வெளிநாட்டுக் கணினிக்கு வேறு வேறு ஆட்கள். முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பாருங்கள். ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருத்த வேண்டிவரும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். இப்போது முதுகலைக்குப் போகும் பலர் 2002, 2003-இல் பிறந்தவர்கள். ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ பிறந்திருந்தாலும் அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் 'தருமபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். இது பிழை இல்லை, மாற்றவும் தேவையில்லை. மாவட்டம் பிரிந்த விவரத்தை ஒரு வரியில் விளக்கினால் போதும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே சேர்க்கப்படாமல் இருப்பதுதான் திருத்த வேண்டிய குறை. பெற்றோர் கணக்கிலுள்ள பணத்தைக் காட்டி பிரிட்டன் விசா கேட்கும்போது, உறவை நிரூபிக்க அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் நகராட்சிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய முடியாது.

பாஸ்போர்ட் கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000. காவல் நிலைய விசாரணைக்கு ஆள் வரும் நாளில் மாணவர் கோவையிலோ பெங்களூருவிலோ விடுதியில் இருந்தால் 'முகவரியில் இல்லை' என்று அறிக்கை போய்விடும். செமஸ்டர் விடுமுறையை ஒட்டி விண்ணப்பிப்பதே நல்லது.

நிலம் இருக்கிறது, கடன் இல்லை

கல்விக் கடனில் வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டம் இதுதான்: 4 லட்சம் வரை குடும்பம் கைப்பணம் போட வேண்டாம். அதற்கு மேல் வெளிநாட்டுப் படிப்பு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதம் குடும்பத்தின் பங்கு. 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை. இதில் கடைசி நிபந்தனையில்தான் இந்த இரண்டு மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

பென்னாகரத்தில் நான்கு ஏக்கர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு என்று சொத்து இருக்கும். வங்கி மேலாளர் வேண்டாம் என்பார். அவருக்கு மனமில்லாமல் இல்லை. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் நீதிமன்றம் போகாமலே பிணையைக் கையகப்படுத்த வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அந்த நிலத்தைப் பிணையாக வாங்கி வைத்துக்கொண்டால் கடனை வழக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டும். அதனால் ஊருக்குள் இருக்கும் ஓட்டு வீடு கூட வங்கியின் கண்ணுக்கு மாந்தோப்பைவிட நல்ல பிணையாகத் தெரியும். வீட்டுமனை என்றாலும் அங்கீகாரம் வேண்டும். ஓசூரைச் சுற்றி அங்கீகாரம் இல்லாமல் போடப்பட்ட மனைகளில், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவாகி, பின்னால் வரன்முறைப்படுத்தியவை மட்டுமே தேறும். வரன்முறை ஆணை கையில் இல்லாமல் வங்கிக்குப் போவதில் பயனில்லை.

வங்கி வழக்கறிஞர் கேட்கும் காகிதங்கள்: மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி. பட்டா தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழில் வரும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருமணமாகிப் போன அத்தைகளும் அதில் உண்டு. பலர் மறந்துவிடுவது இதைத்தான். அத்தை மறுத்துவிட்டார் என்று சேர்க்கை கைவிட்டுப்போன குடும்பங்கள் உண்டு. விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவாகி, உட்பிரிவு செய்ய நில அளவர் வந்து போய், தனிப் பட்டா கைக்கு வர மாதங்கள் ஆகும். வெளிநாட்டுப் படிப்பு என்ற பேச்சு மூன்றாம் ஆண்டில் எழுந்தால் இந்த வேலையும் அப்போதே தொடங்க வேண்டும். வங்கிக் கடன் வாங்காவிட்டாலும் பாகம் பிரித்துவைப்பதில் நட்டம் இல்லை.

வருமானச் சான்று அடுத்த தடை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் கணக்கே தாக்கல் செய்வதில்லை. வங்கியோ இரண்டு ஆண்டுக் கணக்கைக் கேட்கும். விவசாய வருமானத்தைக் காட்டி, வரி ஏதும் கட்டாமலேயே கணக்குத் தாக்கல் செய்ய முடியும். அதற்கு ஆடிட்டருக்குக் கொடுக்கும் சிறு தொகை வீண் போகாது. ஓசூர் சிப்காட்டில் சம்பள வேலை பார்க்கும் பெற்றோருக்கு இந்தத் தொல்லை இல்லை. தனியார் நிதி நிறுவனங்கள் பிணையில்லாமல் தருவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான், வங்கியைவிடக் கூடுதல் வட்டியில்.

வட்டியை ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. 30 லட்சம், ஆண்டுக்கு 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் 26,250 ரூபாய். படிக்கும் இரண்டு ஆண்டும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முழுத் தொகையும் முதல் நாளே வாங்கியதாகக் கொண்டால் மூன்றாண்டில் 9.45 லட்சம். வட்டியை மாதாமாதம் கட்டி வந்தால், பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 40,500. கட்டாமல் அசலோடு சேரவிட்டால் சுமார் 53,200. ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் கட்டும்போது மட்டும் வங்கியில் தவணை தவணையாகப் பணம் எடுத்தால் இந்த வட்டி நன்றாகக் குறையும். 'எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிடுங்கள்' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

வித்யாலட்சுமி என்ற பெயரில் குழப்பம் உண்டு. 2024-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவிலுள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அது உதவாது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அரூர், சித்தேரி, தளி பக்கத்து மாணவர்களில் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் கடன் வாங்குவதற்கு முன் இதை விசாரித்தே ஆக வேண்டும்.

28 நாள்

பிரிட்டன் மாணவர் விசாவில் பணக் கணக்கு மிகக் கறாரானது. முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கி உள்ள தொகையோடு, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் கணக்கில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, வெளியே என்றால் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு முறையே 13,761, 10,539 பவுண்டு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28-ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒரு நாள் உரக்கடைக்காரருக்கு ஜிபே செய்ததால் இருப்பு கொஞ்சம் இறங்கினால்கூட எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ரூபாய் மதிப்பு ஆடுவதால் தேவைக்கு மேல் ஐந்து சதவீதமாவது வைத்திருப்பவர்களே நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நாட்களில் அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். மாணவருடையது, பெற்றோருடையது, சட்டப்படியான பாதுகாவலருடையது என்றால் செல்லும். சித்தப்பா, மாமா, அண்ணன் கணக்கு செல்லாது. பெற்றோர் கணக்கு என்றால் சம்மதக் கடிதம் வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்து டெபாசிட் ரசீதை நம்பிப் போக வேண்டாம். அது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள வங்கி இல்லை. வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதம் இருந்தால் 28 நாள் விதி கிடையாது. செப்டம்பர் சேர்க்கைக்குப் பணம் காட்ட வேண்டிய காலம் ஜூன், ஜூலை. மாங்காய்ப் பருவமும் அதுவே. பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்குக் கொடுத்தவருக்குப் பணம் வரத் தாமதமானால் கணக்கு நிரம்பாது. தோப்புக் குத்தகை முன்பணம், நகைக்கடன் என்று ஒரே நாளில் பெருந்தொகை ஏறினால் குத்தகை ஒப்பந்தம், நகைக்கடன் ரசீது ஆகியவற்றைக் கோப்பில் வைத்திருங்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இதோடு, படிப்பு ஆறு மாதத்துக்கு மேல் என்றால் காசநோய்ச் சோதனைச் சான்று வேண்டும். பிரிட்டன் அங்கீகரித்த மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். தருமபுரி ஸ்கேன் சென்டர் எக்ஸ்ரே செல்லாது. சான்று ஆறு மாதம் செல்லும்.

ஜெர்மனி: 7.5 என்ற கோடு

பொறியியல் மாணவர்கள் ஜெர்மனியை விரும்பக் காரணம், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லாததுதான். விதிவிலக்குகள் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் வாங்குகிறது.

அங்கே மதிப்பெண் 1-இல் தொடங்கி 4 வரை. குறைந்தால் நல்லது. நம் சி.ஜி.பி.ஏ.வை மாற்றும் கணக்கு இது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதை, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் 8.0 எடுத்தவருக்கு 2.2, 7.5 எடுத்தவருக்கு 2.5. பல படிப்புகளில் 2.5-தான் வாசல். ஆனால் தேர்ச்சி மதிப்பெண் 4 என்று எடுத்துக்கொண்டால் அதே 7.5 சி.ஜி.பி.ஏ. 2.25 ஆகிவிடும். ஆகவே குறைந்தபட்சத் தேர்ச்சி என்ன என்பதைக் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்தில் வாங்குவது சம்பிரதாயத்துக்காக இல்லை. பர்கூர் போன்ற தன்னாட்சிக் கல்லூரியில் இதையும், எல்லாப் பருவ மதிப்பெண்ணும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டையும் கல்லூரியிலேயே கேட்கலாம். பெரியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்கள் சேலம் போக வேண்டும். அரியர் இருந்து பின்னால் தேறியிருந்தால் அதை மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலின் தேதியே சொல்லிவிடும்.

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்று, அதாவது அவர்களுடைய கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று, கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான 'யூனி-அசிஸ்ட்' என்ற விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30. வாழ்க்கைச் செலவுப் பணத்தைப் பூட்டிவைக்கும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வெளியே வரும். கடன் பணத்தை வங்கியே அனுப்பினால் டி.சி.எஸ். எனப்படும் வரிப் பிடித்தம் கிடையாது. சொந்தப் பணம் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம். கணக்கே தாக்கல் செய்யாத குடும்பம் அந்தப் பணத்தை மறந்துவிடுகிறது.

ஓசூர் மாணவருக்குப் பெங்களூரு ஒரு மணி நேரம். இருந்தாலும் தமிழ்நாட்டு முகவரி என்றால் ஜெர்மன் விசாவுக்குச் சென்னைதான். அமெரிக்காவும் அப்படியே: பெங்களூருவில் 2025 ஜனவரியில் துணைத் தூதரகம் திறந்தபோது விசா சேவை அதில் சேரவில்லை. அமெரிக்க நேர்காணலுக்கு முந்தைய நாளே கைரேகை பதிய வேண்டியிருப்பதால் சென்னையில் ஒரு இரவு தங்கியாக வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லாததால் இரவுப் பேருந்து. தருமபுரிக்காரர்களுக்கு மொரப்பூரில் ரயில் கிடைக்கும். அமெரிக்காவுக்கு ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். 2025 ஜூன் முதல் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்கச் சொல்கிறார்கள்.

மருத்துவப் படிப்புக்கு ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று கிளம்புகிறவர்கள் விளம்பரப் பலகையைப் படிப்பதற்கு முன் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைப் படிக்க வேண்டும். நீட் தகுதி, ஆங்கில வழி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தேர்வு. இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி' என்கிற கன்சல்டன்சியில் முன்பணம் கட்டாதீர்கள்.

பயணமும் முதல் மாதமும்

விமானத்துக்குப் பெங்களூருதான் பக்கம். விமான நிலையம் நகரின் வடக்குக் கோடியில். நாம் நுழைவது தெற்கிலிருந்து. அத்திப்பள்ளியிலும் சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் மாலை நேரத்தில் வண்டி நகராது. நள்ளிரவு விமானத்துக்குத் தருமபுரியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கே கிளம்பிவிடுவது மிகையில்லை.

பெட்டியில் கேழ்வரகு மாவு, பொடி வகை, எண்ணெய் ஊறுகாய் வைக்கலாம். ஜெர்மனிக்குப் போகிறவர் நெய், பால்கோவா, கருவாட்டுக் குழம்புக்குப் பதிலாகக் கொடுத்துவிடும் உப்புக்கண்டம் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டு இறைச்சியையும் பால்பொருளையும் ஐரோப்பிய ஒன்றியம் பயணிகள் பெட்டியில் அனுமதிப்பதில்லை. மாம்பழமும் கூடாது. 2019 டிசம்பர் முதல் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்துதான்: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன். ஆஸ்திரேலியாவுக்கு எந்த உணவானாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துச் சான்று வேண்டும். தற்காலிக அறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சான்று கிடைக்காமல் எல்லாம் தேங்கிவிடும்; அங்கத்திய வங்கிக் கணக்கு திறக்காமல் முடக்கக் கணக்குப் பணமும் வராது. வீட்டு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். எனவே 11,904-க்கு வெளியே 1,500 யூரோவாவது கையில் வேண்டும்.

பகுதிநேர வேலையில் பணம் சம்பாதித்துக் கடன் அடைக்கலாம் என்ற கணக்கு எங்குமே சரிவராது. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள், பிரிட்டனில் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம், அமெரிக்காவில் முதலாண்டு வளாகத்துக்கு உள்ளே மட்டும் 20 மணி நேரம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை படிப்பவர்கள் ஜூனில் வகுப்பு முடிந்ததும் விடுமுறை என்று எண்ணி முழுநேர வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆய்வேடு எழுதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலமும் பருவக் காலம்தான்; 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடும் 'கிராஜுவேட் ரூட்' இரண்டு ஆண்டாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்பவர் படித்து முடிக்கும்போது இந்தப் புதிய விதிதான் இருக்கும். வங்கித் தவணையோ படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் தொடங்கிவிடும்.